பந்து கடந்த தூரம் (14): பட்டியலின் அடியில் ஓர் அணி

மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பிடித்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். நம் கால்பந்து ரசிகர்கள் இன்றைக்கும் மார்தட்டிச் சொல்லும் கதை அது. நான்கு வருடம் கழித்து 1960-இல் ரோம் ஒலிம்பிக். இந்தியா ஆடிய டி பிரிவின் புள்ளிப் பட்டியல் இது: ஹங்கேரி 6, பிரான்ஸ் 3, பெரு 2, இந்தியா 1. மூன்று ஆட்டம் ஆடி ஒன்றில்கூட வெல்லவில்லை. அடித்தது 3 கோல், வாங்கியது 6. பட்டியலை மட்டும் பார்க்கிறவர் இரண்டு வரியில் எழுதிவிட்டு அடுத்த ஆண்டுக்குப் போய்விடுவார். கால்பந்து வரலாறு எழுதியவர்களில் பலர் அப்படித்தான் போயிருக்கிறார்கள்.

ஒலிம்பிக்கில் இந்தியச் சட்டை போட்டு ஆடிய நான்கு அணிகளில் மிகச் சிறந்த அணி இதுதான் என்பது என் மதிப்பீடு. மெல்போர்ன் அணியைவிடவும் இது ஒரு படி மேல். அதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம் முழுவதும்.

முதலில் போட்டியின் அமைப்பு. மெல்போர்னுக்கு வந்தவை 11 அணிகள். முதல் சுற்றில் நமக்கு எதிராக ஆட வேண்டிய ஹங்கேரி விலகிக்கொண்டதால் வாக்கோவர் கிடைத்தது. அடுத்து ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றோம், அரையிறுதிக்குள் நுழைந்தோம். அந்த வெற்றியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நெவில் டிசோசாவின் மூன்று கோலும் தங்கமானவை. ஆனால் ஒரே ஒரு வெற்றி நம்மை அரையிறுதிவரை கொண்டுபோனது என்பதும் உண்மை. ரோமில் கதை வேறு. 16 அணிகள், நான்கு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பிடிக்கிற ஒரே அணிக்குத்தான் அரையிறுதி. இரண்டாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் அங்கே வித்தியாசம் இல்லை, இருவருக்கும் ஊருக்கு டிக்கெட்தான். அப்படிப்பட்ட போட்டியில் நமக்கு வாய்த்த பிரிவில் ஹங்கேரி இருந்தது. மெல்போர்னில் வராமல் போன அதே ஹங்கேரி.

ரோம் ஒலிம்பிக் என்று சொல்கிறோமே தவிர, நம் அணி ரோம் நகரத்தில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. முதல் ஆட்டம் ஆகஸ்ட் 26, அப்பெனைன் மலைத்தொடருக்குள் இருக்கும் லாக்விலா நகரத்தில். ஹங்கேரி அணியில் பத்தொன்பது வயதுகூட நிரம்பாத ஃப்ளோரியன் ஆல்பர்ட் இருந்தார். ஏழு வருடம் கழித்து ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தை வாங்கப்போகிறவர். 20ஆவது நிமிடத்தில் கோரோச் ஒரு கோல், 56ஆவது நிமிடத்தில் ஆல்பர்ட் ஒரு கோல். எட்டு வருடத்துக்கு முன் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10 கோல் வாங்கிய அணியின் வாரிசுகள் இவர்கள். இரண்டு கோல் விழுந்ததும் மனம் தளர்ந்திருந்தால் கதை அன்றே கந்தலாகியிருக்கும். தளரவில்லை. 79ஆவது நிமிடத்தில் துளசிதாஸ் பலராம் ஒரு கோலைத் திருப்பினார். ஆட்டம் 2-1 என்று முடிந்தது.

ஒரு கோல் வித்தியாசத் தோல்விதானே, அதில் என்ன பெருமை என்று கேட்கலாம். ஹங்கேரி அந்தப் பிரிவில் ஆடிய மற்ற ஆட்டங்களைப் பாருங்கள். பெருவை 6-2 என்று அடித்தது. பிரான்ஸை 7-0 என்று அடித்தது. மூன்று ஆட்டத்தில் 15 கோல் போட்ட அணி, நமக்கு எதிராகப் போட்டது இரண்டு. இன்னொன்றும் உண்டு. ஹங்கேரியோடு மோதிய கடைசி நாளில் பிரான்ஸுக்கு அரையிறுதி வாய்ப்பு உயிரோடு இருந்தது. ஹங்கேரிக்கு 4 புள்ளி, பிரான்ஸுக்கு 3. வென்றால் மேலே போகலாம் என்ற நிலையில், முழு மூச்சாக ஆட வேண்டிய ஆட்டத்தில் பிரான்ஸ் ஏழு கோல் வாங்கியது. அப்படியொரு அணியைத்தான் நம் பின்களம் தொண்ணூறு நிமிடம் தடுத்து நின்றது. அரையிறுதியில் டென்மார்க்கிடம் தோற்ற ஹங்கேரி, வெண்கலத்தோடு ஊர் திரும்பியது.

ஓர் அணி ஒரு போட்டியில் எப்படி ஆடியது என்பதை எதை வைத்து எடைபோடுவது? இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டது எங்கள் சங்கரன்கோவில் தம்பி ஒருவன். மெஸ்ஸிக்கும் ரொனால்டோவுக்கும் பேனர் கட்டும் பையன்களுக்கு நடுவே நெதர்லாந்தின் ஆரஞ்சு சட்டை போட்டுத் திரிபவன், விசைத்தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. 2024 யூரோ கோப்பை அரையிறுதி நம் நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. ஏழாவது நிமிடத்தில் சாவி சிமன்ஸ் நெதர்லாந்தை முன்னிலைக்குக் கொண்டுபோனார். ஹாரி கேன் பெனால்டியில் சமன் செய்தார். தொண்ணூறு நிமிடமும் முடிந்த பிறகு ஓலி வாட்கின்ஸ் அடித்த கோலில் இங்கிலாந்து வென்றது. காலையில் டீக்கடைக்கு வந்தவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "கடேசி நிமிசத்துல போச்சு அண்ணாச்சி. டெபாய் காயம் பட்டு வெளிய போன பெறகு நடுக்களம் ஆடிப்போச்சு. ஆனா இந்த டீமை நான் கொறை சொல்ல மாட்டேன்" என்றான்.

பிறகு ஒவ்வோர் ஆட்டமாகப் பிரித்து வைத்தான். ஆஸ்திரியாவிடம் 3-2 என்று தோற்றது, பிரிவில் மூன்றாம் இடத்துக்குச் சரிந்தது, ருமேனியாவை 3-0 என்று புரட்டியது, துருக்கியிடம் ஒரு கோல் பின்தங்கி 2-1 என்று மீண்டது. எந்த ஆட்டத்தில் யார் சொதப்பினார்கள், யார் காப்பாற்றினார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். கோப்பை வந்ததா வரவில்லையா என்பது அவன் கணக்கில் கடைசியில்தான் வந்தது. நெதர்லாந்து ரசிகனுக்கு இந்தப் பக்குவம் வராமல் முடியாது. 1974-இல் க்ரைஃப் தலைமையில் உலகமே வியந்து பார்த்த அந்த அணி, மியூனிக் இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனியின் கால் பந்தில் படுவதற்கு முன்பே பெனால்டி வாங்கி ஒரு கோல் போட்டுவிட்டு 2-1 என்று தோற்றது. 1978-இலும் 2010-இலும் இறுதியில் தோற்றது. இதுவரை உலகக் கோப்பையை வென்றதில்லை. ஆனாலும் கால்பந்தை மாற்றிய அணிகள் என்று யார் பட்டியல் போட்டாலும் 1974 நெதர்லாந்து அதில் இருக்கும். அந்த அணியின் பயிற்சியாளர் ரீனுஸ் மிகெல்ஸ்தான் பிறகு 1988-இல் யூரோ கோப்பையை வாங்கிக் கொடுத்தவர்.

அந்தத் தம்பியிடம் நான் ஒரு விஷயம் சொன்னேன். 2024-இல் நெதர்லாந்து பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தும் அரையிறுதிவரை வந்தது. 1960-இல் இரண்டாம் இடம் பிடித்த அணிக்கும் கதவு அடைப்பு. இதை மறந்துவிட்டு அன்றைய இந்தியாவை இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது.

நெதர்லாந்தோடு நமக்குப் பழைய கணக்கும் உண்டு. 1948 ஜூலை 31 அன்று லண்டன் ஒலிம்பிக்கில், இல்ஃபர்டில் இந்தியா 2-1 என்று பிரான்ஸிடம் தோற்றது. அதே நாளில் பிரிட்டனிடம் 4-3 என்று தோற்று நெதர்லாந்தும் வெளியேறியது. அதன் பிறகு ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் போன நம் ஆட்கள், ஆம்ஸ்டர்டாமில் அயாக்ஸ் கிளப்பையே தோற்கடித்தார்கள். க்ரைஃபை வளர்த்தெடுக்கப்போகிற அதே அயாக்ஸ். 1956-இல் ஹங்கேரியில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து நெதர்லாந்து மெல்போர்னைப் புறக்கணித்தது. 1960-இல் ரோமில் ஆடிய 16 அணிகளில் நெதர்லாந்து இல்லை. இந்தியா இருந்தது. அன்றைக்கு நாம் எந்த வரிசையில் நின்றோம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டாவது ஆட்டம் ஆகஸ்ட் 29, க்ரோசெட்டோவில், பிரான்ஸோடு. இந்தத் தொடரில் நாம் வென்றிருக்க வேண்டிய ஆட்டம் இது. எழுபது நிமிடம்வரை இரு பக்கமும் கோல் இல்லை. 71ஆவது நிமிடத்தில் கேப்டன் பி.கே. பானர்ஜி அடித்தார், இந்தியா முன்னிலை. 82ஆவது நிமிடத்தில் குவான்சோன் சமன் செய்தார். 1-1. பதினோரு நிமிடம் கையில் இருந்த வெற்றி எட்டு நிமிடம் மீதமிருக்கும்போது நழுவியது. 1948-இல் இரண்டு பெனால்டிகளை வீணடித்து பிரான்ஸிடம் தோற்ற கதை வாசகர்களுக்கு நினைவிருக்கும். பன்னிரண்டு வருடம் கழித்து அதே பிரான்ஸிடம் அந்தக் கடனைத் தீர்க்கும் வாய்ப்பு வந்தது, பாதி தீர்ந்தது.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு விளக்கம் சொல்வார்கள். அந்தக் காலத்தில் நம் நாட்டின் பெரிய போட்டிகள் எழுபது நிமிட ஆட்டங்கள், பாதிக்கு 35 நிமிடம். ஆகவே தொண்ணூறு நிமிட சர்வதேச ஆட்டத்தில் நம்மவர்கள் கடைசி இருபது நிமிடத்தில் மூச்சு வாங்கிப்போவார்கள் என்று. நானும் பல கட்டுரைகளில் படித்திருக்கிறேன். ரோமின் கோல்களை நிமிடவாரியாக அடுக்கினால் வேறொரு படம் கிடைக்கிறது. ஹங்கேரிக்கு எதிராக நம் கோல் 79ஆவது நிமிடம். பிரான்ஸுக்கு எதிராக 71. பெருவுக்கு எதிராக 88. மூன்றும் எழுபதைத் தாண்டியவை. அதே கடைசி இருபது நிமிடங்களில் மூன்று ஆட்டத்திலும் சேர்த்து நாம் வாங்கியது இரண்டு கோல். அதாவது எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு மட்டும் கணக்குப் போட்டால் ரோமில் இந்தியா 3, எதிரணிகள் 2. மூச்சு வாங்கிய அணியின் கணக்கா இது?

இந்த மாற்றத்துக்குப் பின்னால் இருந்தவர் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்துக்காரர், அடிப்படையில் பள்ளி ஆசிரியர். அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு வித்தை காட்டுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. வந்த பந்தைத் தொட்டவுடன் தள்ளிவிட வேண்டும், இரண்டு காலும் பேச வேண்டும். வலது கால்காரர்களை இடது காலால் மட்டும் ஆடவைத்துப் பயிற்சி கொடுப்பார். ஆளைத் தேடிப் பிடிப்பதிலும் கெட்டிக்காரர். செகந்தராபாத் பக்கம் அம்முகுடாவில் வறுமையான தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பலராம், பயிற்சிக்கு ஹைதராபாத் வரக் காசில்லை என்று சொன்னபோது, வாடகை சைக்கிளுக்குத் தன் பணத்தைக் கொடுத்து வரவழைத்தவர் ரஹீம். அந்தப் பையன்தான் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டவர். இருபத்தேழு வயதுக்குள் நோய் அவரை மைதானத்திலிருந்து பிரித்துவிட்டது. 2023 பிப்ரவரியில் காலமானார். அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய மரியாதையில் கால்வாசிகூட இந்த நாடு கொடுக்கவில்லை என்பதை எழுதாமல் நகர என்னால் முடியாது.

கோல் கம்பத்தில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஆறடி மூன்று அங்குல உயரம். இவரும் ஹைதராபாத்தில் பிறந்தவர்தான், ஆனால் ஆட்டக்காரராக உருவானது நம் நீலகிரியில். குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டரில் சிப்பாயாகச் சேர்ந்தார். முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவரை அங்கேதான் கோல்கீப்பராக மாற்றினார்கள். அந்த அணி 1955-இலும் 1958-இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகள் கோலோச்சிய காலத்தில் ஒரு ராணுவப் பயிற்சி மையத்து அணி இரண்டு முறை டூரண்ட் வாங்கியது சாதாரணக் காரியம் இல்லை. தென்மாவட்டங்களிலிருந்து மெட்ராஸ் ரெஜிமெண்டுக்குப் போன வீடுகள் எங்கள் பக்கத்திலும் உண்டு. அந்த வீடுகளில் தங்கராஜ் பெயர் இன்னும் ஞாபகத்தில் இருக்க வேண்டியது. ஹங்கேரிக்கு இரண்டு, பிரான்ஸுக்கு ஒன்று என்று நின்றதில் அவர் பங்கும், அவருக்கு முன்னால் நின்ற ஜர்னைல் சிங், அருண் கோஷ், சந்திரசேகரன், லத்தீஃப் போன்றவர்களின் பங்கும் பெரிது.

மூன்றாவது ஆட்டம் செப்டம்பர் 1, பெஸ்காராவில், பெருவோடு. இந்தத் தொடரில் நம் அணி சறுக்கியது இங்கேதான். 3-1. ஹங்கேரி ஏற்கெனவே 4 புள்ளி எடுத்துவிட்டதால், நாம் வென்றாலும் 3 புள்ளிக்கு மேல் போக வழியில்லை. வெளியேறுவது உறுதியான பிறகு ஆடிய ஆட்டம். அதைக் காரணமாகச் சொல்லி மன்னிக்கலாம், ஆனால் நான் மன்னிக்கத் தயாரில்லை. ஏனென்றால் பெருவுக்கும் அதே நிலைதான். இரண்டு ஆட்டத்திலும் தோற்று, புள்ளியே இல்லாமல் வந்த அணி அது. நியேரி 27ஆவது நிமிடத்தில் ஒன்று, 53ஆவது நிமிடத்தில் ஒன்று என்று போட்டார். 85ஆவது நிமிடத்தில் இவாசாகி மூன்றாவதைப் போட்டார். ஹங்கேரியிடம் காட்டிய கட்டுக்கோப்பு பெருவிடம் இல்லை. பட்டியலின் அடிக்கு நம்மைத் தள்ளியது இந்த ஒரு பிற்பகல்தான். வென்றிருந்தால் 3 புள்ளியோடு பிரான்ஸுக்குச் சமமாக நின்றிருப்போம்.

அந்த ஆட்டத்தில் நமக்கு ஆறுதலாக வந்த 88ஆவது நிமிடக் கோல், ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இதுவரை அடித்த கடைசிக் கோல். அதை யார் அடித்தது? சில ஆவணங்களில் பலராம் பெயர் இருக்கிறது. இந்தியக் கால்பந்து வட்டாரத்தில் சைமன் சுந்தரராஜ் என்றே சொல்லி வருகிறார்கள். சுந்தரராஜ் தஞ்சாவூர்க்காரர், பம்பாயின் கால்டெக்ஸ் அணிக்கு ஆடியவர். இந்தத் தொடரின் முன் அத்தியாயம் ஒன்றில், இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன் என்று எழுதியிருந்தேன். இடையில் இருப்பவை எட்டே கோல்கள். ஒலிம்பிக்கில் இந்தியா ஆடிய எட்டு ஆட்டங்களில் மொத்தம் பத்து கோல்தான். பத்தே கோல் இருக்கும் கணக்கில் கடைசிக் கோலுக்கு உரியவர் யார் என்பது இரண்டு விதமாக நிற்பது வருத்தமானது. இங்கிலாந்தில் நான்காம் டிவிஷன் ஆட்டத்துக்குக்கூட இப்படி நடக்காது. சுந்தரராஜ் பிறகு பயிற்சியாளரானார். 1973-இல் எர்ணாகுளத்தில் ரயில்வேயை 3-2 என்று வென்று கேரளா முதல்முறையாகச் சந்தோஷ் டிராபி எடுத்தபோது, கேப்டன் மணி மூன்று கோலும் அடித்த அந்த அணியைத் தயார் செய்தவர் இந்தத் தஞ்சாவூர்க்காரர்தான். கேரளத்தில் அவரைத் தெரிந்த அளவுக்குத் தஞ்சையில் தெரியவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்று ஆட்டங்களிலும் முதல் எழுபது நிமிடங்களில் நம் கணக்கு பூஜ்யம், எதிரணிகள் 4. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்று ஆசியாவிலேயே சிறந்த முன்வரிசையை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கோல் இல்லாமல் இருந்தோம். எதிராளி ஐரோப்பா, தென்னமெரிக்கா என்றதும் முதலில் தற்காத்துக்கொண்டு, பிறகு மெல்லத் துணிகிற பழக்கம் இதில் தெரிகிறது. துணிந்தபோதெல்லாம் கோல் வந்தது. முன்பே துணிந்திருந்தால் பிரான்ஸையும் பெருவையும் வென்றிருப்போம் என்றே நான் நம்புகிறேன். ஹங்கேரியை வெல்வது அன்று யாருக்கும் எளிதல்ல, அதற்காக இந்த அணியைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு இருந்தும் ஏன் இந்த அணி பேசப்படவில்லை? நம் கால்பந்து செப்டம்பர் 1-இல் முடிந்தது. செப்டம்பர் 6-இல் மில்கா சிங் 400 மீட்டரில் நூலிழையில் பதக்கத்தைத் தவறவிட்டார். செப்டம்பர் 9-இல் ஹாக்கி இறுதியில் பாகிஸ்தானிடம் 1-0 என்று தோற்றோம். 1928 முதல் கைவிட்டுப் போகாத தங்கம் போனது. நாடே துக்கம் காத்த அந்த வாரத்தில், இரண்டு வாரத்துக்கு முன்னால் லாக்விலாவில் ஹங்கேரியை இரண்டே கோலில் நிறுத்தியதை நினைக்க யாருக்கும் நேரமில்லை. டெலிவிஷன் டெல்லியில் அப்போதுதான் சோதனை முறையில் தொடங்கியிருந்தது. எங்களைப் போன்ற ஊர்களுக்கு விருதுநகர்–தென்காசி ரயிலில் வந்து இறங்கும் பத்திரிகையும் ரேடியோச் செய்தியும்தான் வழி. ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர் இல்லாததால் பட்டியல் மட்டும் மிஞ்சியது. 1974-இன் நெதர்லாந்தை உலகமே டிவியில் பார்த்தது, தோற்ற பிறகும் கொண்டாடியது. ரஹீமின் அணிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ரஹீம் மட்டும் அந்தப் பட்டியலைப் பார்த்து மனம் மாறவில்லை. தங்கராஜ், ஜர்னைல், அருண் கோஷ், சந்திரசேகரன், ராம் பகதூர், யூசுஃப் கான், பானர்ஜி, கோஸ்வாமி, பலராம் என்று ரோம் அணியின் முதுகெலும்பை அப்படியே வைத்துக்கொண்டார். 1962 ஆசிய விளையாட்டுக்காக ஜகார்த்தா போன அணியில் எத்திராஜ், அருமைநாயகம் போன்ற புதிய பெயர்களும் சேர்ந்தன. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்றார்கள். தங்கராஜுக்குக் காய்ச்சல். தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னைலின் தலை பிளந்து தையல் போட்டார்கள். அங்கிருந்து அடுத்த இதழில்.

(தொடரும்)